கருங்கல்லுக்கு ஏற்ற தாள்

வெள்ளைத் தாளில் கருங்கல்லை வரைவது நான் நினைத்ததைவிட நீண்ட வேலையாக இருந்தது. கறுப்புப் பென்சிலை எடுத்து அழுத்தித் தேய்த்தால் வருவது கரி. கல் வேண்டுமென்றால் முதலில் கருநீலம், அதன்மேல் கடும்பச்சை, அதன்மேல் கபிலம், திரும்பவும் நீலம், கடைசியில்தான் கறுப்பு. ஒவ்வொரு படையும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஒன்றின் ஊடாக மற்றது தெரிய வேண்டும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு படைகளைத் தாங்கக்கூடிய ஒரு தாளைத்தான் சித்திரைப் புதுவருடம் முடிந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

படம் நவரத்தினம் அன்ரிக்கு. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை கடற்கரைப் பாதையைத் தொடும் இடத்தில் புதிதாக எழும்பிய கட்டடத்தின் ஏழாம் மாடியை அவர்கள் வாங்கியிருந்தார்கள். மே இருபத்தெட்டாம் திகதி காலை ஆறு பத்துக்குப் புதுவீட்டுக் குடிபூரல். வாசற்படியைத் தாண்டி முதலில் உள்ளே போவது சாமிப்படம்தான். அதற்குப் பிறகுதான் நிறைகுடம், குத்துவிளக்கு, மனிதர்கள். எல்லோரும் கடையில் வாங்கிய அதே படத்தைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அன்ரிக்கு ஒரு குறை இருந்தது.

"எனக்கு றோஸ் கலர்ப் பிள்ளையார் வேண்டாம், பிள்ளை. கருவறையில இருக்கிற மாதிரிக் கல்லாவே வேணும். எண்ணெய் வைச்ச கல்லு."

நெஞ்சோடு அணைத்து இரண்டு கையாலும் பிடிக்கக்கூடிய அளவு போதும் என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் படிவங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கலர் பென்சிலால் வரைவது எனக்கும் என் அலுமாரிக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. நான் வரைந்த ஒன்று, மனிதர்களுக்கு முன்னால் ஒரு வீட்டுக்குள் போகப் போகிறது என்பதை அடிக்கடி நினைத்துப் பார்த்தேன். அது எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் அந்த மாதங்களில் எனக்குப் பெரிதாக வேண்டியிருந்ததாக நினைவில்லை.

முதலில் கடையில் கிடைக்கும் சித்திரக் கொப்பியில் முயன்றேன். மூன்றாம் படையிலேயே தாள் நார் நாராக எழும்பியது. பிறகு வழுவழுப்பான பிரிஸ்டல் போர்ட். அதில் தும்பிக்கையின் மடிப்புகள் ஊசியால் கீறியதுபோல் வந்தன. ஆனால் ஆறாவது படையில் பென்சில் வழுக்கத் தொடங்கியது. பென்சிலில் இருக்கும் மெழுகு தாளின் குழிகளையெல்லாம் நிரப்பிவிட்டது. அதற்குமேல் என்ன பூசினாலும் ஒட்டவில்லை. கல் சாம்பல் நிறத்திலேயே நின்றது. எங்கள் மேசை ரயில் பாதைப் பக்க யன்னலோரம் இருக்கிறது. ரயில் போகும்போதெல்லாம் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பேன். அந்த இடைவெளிகளில் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்குமேல் ஒன்றையும் ஏற்கமாட்டேன் என்கிற தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் சாந்தகுமார் அண்ணன் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்கிறார். சொந்த ஊர் பதுளைப் பக்கம். எங்கள் அலுவலகப் படிவங்கள் அங்கேதான் அச்சாகும். அந்த வழியில் பழக்கம். சனிக்கிழமைகளில் போனால் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பையில் போட்டு வைத்திருப்பார். கலியாண அழைப்பிதழுக்குரிய பட்டுத் தாள், சொரசொரப்பான பழுப்புத் தாள், யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மிச்சம்விட்ட நீர்வர்ணத் தாள். நான் ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவு சதுரம் வரைந்து, பின்பக்கம் தாளின் பெயர், எத்தனை படை, எந்தத் திகதி என்று எழுதி வைப்பேன்.

நீர்வர்ணத் தாள் பதினொரு படைகள் தாங்கியது. நம்பிக்கையோடு அதில் முழுப் படத்தையும் வரைந்தேன். மே இரண்டாம் திகதி முடித்தேன். தூரத்தில் வைத்துப் பார்த்தால் கல்தான். ஆனால் அந்தத் தாளின் மேடு பள்ளங்களில், பள்ளங்களுக்குள் பென்சில் இறங்கவில்லை. பிள்ளையார் உடம்பு முழுவதும் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புள்ளிகள். உப்புத் தூவியதுபோல.

அதைக் கொண்டுபோய்ச் சாந்தகுமார் அண்ணனுக்குக் காட்டினேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்து, படத்தை வாங்கி, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார்.

"தாளு பென்சிலக் கடிக்கணும், ஆனா மேடு பள்ளம் இருக்கக் கூடாது. அதானே கேக்குறீங்க? அப்ப எங்கிட்ட வராதீங்க தங்கச்சி. ஹார்ட்வெயார் கடைக்குப் போங்க."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் போனேன். காலி வீதியில் சாயமும் ஆணியும் விற்கிற கடை. சாண்ட் பேப்பர் வேண்டும் என்றேன். மரத்துக்கா இரும்புக்கா என்று கடைக்காரர் சிங்களத்தில் கேட்டார். பிள்ளையாருக்கு என்று சொல்ல எனக்குச் சிங்களம் போதாது. இரும்புக்கு என்றேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வகை, கடும் சாம்பல், கிட்டத்தட்டக் கறுப்பு. விரலால் தடவினால் பூனையின் நாக்கு மாதிரி இருந்தது.

எட்டாம் திகதி தொடங்கினேன். அந்தத் தாள் பென்சிலைத் தின்றது. ஒரு பென்சில் மூன்று நாளில் விரல் நுனி அளவுக்குக் குறைந்தது. ஆனால் எத்தனை படை போட்டாலும் ஏற்றுக்கொண்டது. அதைவிடப் பெரிய விஷயம், இருட்டை நான் வரையவே வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே இருந்தது. எண்ணெய் எங்கே வழிகிறதோ, விளக்கு எங்கே படுகிறதோ, அந்த இடங்களை மட்டும் வெள்ளையும் நீலமும் மஞ்சளுமாகத் தொட்டுக்கொண்டு போனால் போதும். வயிற்றின் வளைவு தானாகவே வெளியே வந்தது. நான்காம் நாள், படம் என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. அலுவலகத்திலிருந்து ஓடி ஓடி வந்தேன்.

பதினைந்தாம் திகதி பின்னேரம் றஞ்சிதம் மாமி வந்தார். அப்பாவின் தங்கை. கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். நாங்கள் கோயில்களில் கண்டால் சிரிப்போம், அவ்வளவுதான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் வழிவிடாமல் நின்றார்.

மாமி இருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு சொன்னார். அண்ணா போய்விட்டார். நாலாம் திகதி. பரிஸ் நகரில், ஆஸ்பத்திரியில். தனக்கே பத்து நாள் கழித்துத்தான், அதுவும் போனில் வந்த மரண அறிவித்தலைப் பார்த்துத்தான் தெரியும் என்றார்.

அப்பா போகும்போது எனக்கு நான்கு வயது. ஆறு வருடங்களுக்குப் பிறகு அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருப்பது தெரியவந்தது. பன்னிரண்டு வயதுவரை என் பிறந்த நாளுக்குத் தொலைபேசி எடுப்பார். ஒவ்வொரு முறையும் எத்தனையாம் வகுப்பு என்று கேட்பார். பிறகு அதுவும் நின்றது. பரிஸ் எனக்கு அப்பாவைவிட மொழிபெயர்ப்பு நாவல்களில்தான் அதிகம் பழக்கம். மழையில் நனைந்த பாலங்கள், மாடியறைகளில் காய்ச்சலோடு கிடப்பவர்கள், ஆற்றங்கரையில் பழைய புத்தகம் விற்பவர்கள். அப்பா இருந்தது லாச்சப்பல் என்கிற தமிழ்க் கடைத்தெருவில், மரக்கறிக் கடைக்கு மேல் மாடியில் என்று மாமி சொன்னார். அந்தத் தெரு நான் படித்த எந்த நாவலிலும் வரவில்லை.

மாமி போனை நீட்டினார். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் பரிசை வதிவிடமாகவும் கொண்ட தில்லையம்பலம் கருணைராசா. இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆசைக் கணவரும், ராகுலன், தனுஷியா ஆகியோரின் பாசமிகு தந்தையும். வட்டத்துக்குள் ஒரு படம். கோட் போட்டிருந்தார். றஞ்சிதத்தின் அன்புச் சகோதரரும் என்று மாமியின் பெயர்கூட இருந்தது. எங்கள் இரண்டு பேரின் பெயரும் இல்லை. நான் கீழேவரை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கோட்டின் மடிப்பில் விழுந்திருந்த நிழல் எந்த நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் செத்தவீட்டுத் துடக்கு மூண்டு நாளோட சரி. நான் கட்டிக் குடுத்தவள்," என்றார் மாமி. "உங்கள் ரெண்டு பேருக்கும் முப்பத்தொரு நாள். காக்கிறதும் காக்காததும் உங்கட இஷ்டம். பிறகு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது. அதுதான் வந்தனான்."

அம்மா தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் கொடுக்க வருபவர்களின் பெயர் பதிகிறவர். எதையும் ஒரே தொனியில் சொல்லிப் பழக்கம்.

"இருபத்திரண்டு வருசமாத் துடக்குக் காத்தனாங்கள், றஞ்சிதம். காணும்."

மாமி அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கையில் என்ன என்றார். சின்னவிரல் பக்கம், கை தாளில் படிந்திருக்கும் இடத்தில், தோல் உரிந்து சிவந்திருந்தது. சாண்ட் பேப்பர் தேய்த்தது. நான் கவனித்திருக்கவில்லை.

மாமி போன பிறகு அம்மா அவருடைய தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டார். நான் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு தும்பிக்கையின் இடது பக்கத்தை வரைந்தேன். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். பரிசில் இப்போது என்ன காலநிலை என்று போனில் தேடினேன். பதினாலு பாகை, மேகமூட்டம் என்று காட்டியது. அவ்வளவுதான் வந்தது. அடுத்த நாள் காலை அம்மா சாமித்தட்டில் விளக்கு ஏற்றவில்லை. எண்ணெய் முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கணக்கு எனக்கும் தெரியும். நாலாம் திகதியிலிருந்து முப்பத்தொன்று என்றால் ஜூன் மூன்று. குடிபூரல் அதற்கு முன்னால் வருகிறது. துடக்கு வீட்டில் வரைந்த பிள்ளையாரை யாரும் புது வீட்டுக்குள் எடுத்துப் போகமாட்டார்கள். எட்டாம் திகதி தொடங்கியபோது எனக்குத் தெரியாது. பதினைந்தாம் திகதிக்குப் பிறகு தெரியும். பென்சிலைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சொன்னால் படம் போகாது, சொல்லாவிட்டால் போகும். அம்மாவே இல்லை என்று சொன்ன ஒன்றை நான் ஏன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்? இருபதாம் திகதி படத்தை முடித்து, தடித்த மட்டையில் ஒட்டி, மெல்லிய தாளால் மூடி வைத்தேன்.

இருபத்தைந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முயன்று பார்த்தவற்றையும் கொண்டுவரச் சொல்லி அன்ரி கேட்டிருந்தார். எப்படி வரைகிறார்கள் என்று அங்கிளுக்குக் காட்ட வேண்டுமாம். புது வீட்டின் சுவர்களில் சாய வாடை இருந்தது. மின்காரர்கள் இன்னும் வேலை முடிக்கவில்லை என்று அங்கிள் யாரையோ போனில் ஏசிக்கொண்டிருந்தார். பெட்டிகளுக்கு நடுவே நின்று மெல்லிய தாளை விலக்கிக் காட்டினேன்.

அன்ரி படத்தை வாங்கி இரண்டு கண்களிலும் ஒற்றினார். யன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சம் பட்டதும் எண்ணெய் வழிந்த இடங்கள் மினுங்கின.

"இஞ்ச வந்து பாருங்கோ, தொட்டாக் கையில எண்ணெய் ஒட்டும்போல இருக்கு."

அங்கிள் வந்து பார்த்து, போனைச் சட்டைப்பையில் வைத்தார். இதற்குக் கண்ணாடி போட்டால் பழுதாகிவிடும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நினைத்திருந்தது நடந்துகொண்டிருந்தது. அதுவும் எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோலத்தான் இருந்தது.

பிறகு அன்ரிக்கு ஒரு யோசனை வந்தது.

"நீரே கொண்டு வாருமன். வரைஞ்ச கையால வாறது நல்லதெல்லே. கன்னிப்பிள்ளை, தாய் தேப்பன் இருக்கிற பிள்ளை. அப்பா பிரான்சிலதானே?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அப்பா இல்லை, அன்ரி. நாலாம் திகதி செத்துப் போனார்."

அதைச் சொன்ன குரல் நான் அலுவலகத்தில் போன் எடுக்கும் குரலாக இருந்தது. அதற்குமுன் அந்த வசனத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அன்ரி படத்தை மெதுவாக ஒரு பெட்டிமேல் வைத்தார். என்ன வருத்தம் என்று கேட்டார். தெரியாது என்றேன். என்ன வயது என்று கேட்டார். அம்மாவின் வயதோடு நான்கைக் கூட்டிப் பார்த்து, அறுபது என்றேன். அங்கிள் என்னிடம் பெயரைக் கேட்டு, போனில் அறிவித்தலைத் தேடி எடுத்தார். இருவரும் தலையைக் குனிந்து படித்தார்கள். அன்ரியின் உதடுகள் அசைந்தன.

"இதில உம்மட பேர் இல்லையே, பிள்ளை."

"ஓம்."

"அம்மாவின்ர பேரும் இல்லை."

அங்கிள் தொண்டையைச் செருமினார். பேர் இல்லாத இடத்தில் ஆருக்கு என்ன தெரியப் போகிறது என்று, என்னிடம் இல்லை, யன்னலிடம் சொன்னார். அன்ரி பெட்டிமேல் கிடந்த படத்தைத் திரும்பப் பார்த்தார். அவருக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"நீர் சொல்லாம விட்டிருக்கலாம்," என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோலச் சொன்னார். "நோட்டீசில இல்லாத ஆக்களுக்கு என்ன துடக்கு? அம்மாவும் வேலைக்குப் போய் வாறா, காக்கேல்லைத்தானே. நீர் வர வேண்டாம், நாங்கள் கொண்டு போறம். படம் இருக்கட்டும்."

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். என் படம் அந்தப் படியைத் தாண்டியிருக்கும். நான் தலையை ஆட்டினால் மட்டும் போதும். என் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்கும் நான் சேர்த்துத் தலையாட்டியதாக ஆகும்.

"அவர் என்ர அப்பா, அன்ரி," என்றேன். "அது துடக்குக்குள்ள வரைஞ்ச படம். குடுக்க ஏலாது."

நான் கோவையிலிருந்து நீர்வர்ணத் தாளில் வரைந்ததை எடுத்து, திருப்பி, பின்பக்கம் எழுதியிருந்த திகதியைக் காட்டினேன். மே இரண்டு. அவர் உயிரோடு இருந்தபோது முடித்தது. அதனால் இதில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

அன்ரி அதைக் கையில் வாங்கினார். கண்ணில் ஒற்றவில்லை.

"புழுதி படிஞ்ச மாதிரி இருக்கே."

"தாள் அப்பிடி, அன்ரி. பென்சில் உள்ளுக்கு இறங்கேல்லை."

"அபிஷேகத்துக்குப் பிறகு நிக்கிற தண்ணித்துளி எண்டு நினைச்சாச் சரி," என்றார் அங்கிள். அவர் அப்படிச் சொன்னது நல்ல மனசால்தான்.

அன்ரி கொஞ்ச நேரம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புள்ளி விழுந்ததை எடுத்து, பழைய வீட்டுக்குக் கொண்டுபோகத் தன் பையோடு சேர்த்து வைத்தார். மற்றதை நான் மெல்லிய தாளால் மூடிக் கோவைக்குள் போட்டேன். அன்ரி வாசல்வரை வந்தார். "குடிபூரலுக்கு அம்மாவையும் வரச் சொன்னனான், இனி வர ஏலாதெல்லோ," என்றார். ஏலாது என்றேன். குடிக்க ஏதும் தரட்டோ என்று கேட்கத் தொடங்கி, துடக்கு நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

ஒழுங்கையில் நடந்து வந்தேன். எட்டு நிமிட நடை. ரயில் கடவையில் ஒரு பொடியனும் பெட்டையும் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நின்றார்கள். கடல் வழக்கம்போல இருந்தது. அழுகை வருமா என்று ஒருமுறை பார்த்தேன். கால் கொஞ்சம் பாரமாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கோவையைப் பார்த்தார். அது போகும்போது இருந்த தடிப்பில்தான் கிட்டத்தட்டத் திரும்பி வந்திருந்தது.

"என்ன, பிடிக்கேல்லையாமோ?"

பிடித்தது, பழையதைத்தான் கொடுத்தேன் என்றேன். பழையது மே இரண்டாம் திகதி வரைந்தது என்றும் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"அப்ப சொல்லிப்போட்டாய்."

"ஓம்."

அம்மா முறித்த காய்களைத் தண்ணீரில் போட்டு அலசினார். அடுப்பில் வைத்தார். உப்புப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, முதுகைக் காட்டியபடியே, இன்னும் ஒன்பது நாள் கிடக்கு என்றார். கலண்டர் முன்கூடத்தில் இருந்தது. அவர் அதைப் போய்ப் பார்க்கவில்லை.

"முப்பத்தொண்டுக்கு முகத்துவாரத்துக் கடற்கரையில காரியம் செய்யப் போவம். ஐயரோட கதைச்சிட்டன். பொம்பிளைப் பிள்ளை எண்டாலும் பரவாயில்லையாம், நீ தர்ப்பை குடுத்தா உனக்குப் பதிலா அவர் செய்வாராம். ஒப்பீசில லீவு கேள்."

"எப்ப கதைச்சனீங்கள்?"

"மாமி வந்து போன அடுத்த நாள்."

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அப்படியென்றால் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ வரைந்துகொண்டிருந்தாய் என்றார். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பாய். நிறுத்தாவிட்டால் நான் காக்கிற துடக்கை நீ மீறியதாக ஆகும். இது நீயாகச் சொல்ல வேண்டியது, நீ சொல்லாவிட்டால் நான் தனியாகப் போயிருப்பேன் என்று, பெயர் பதிகிற அதே தொனியில் சொன்னார்.

சோறு போட்டார். இருவரும் குசினி மேசையிலேயே இருந்தோம்.

"ஐயர் அப்பாவின்ர நட்சத்திரம் கேட்டவர்," என்றார் அம்மா. "குடுத்தனான்."

"என்ன நட்சத்திரம்?"

"அனுசம்," என்று சொல்லி, என் தட்டில் பயற்றங்காயை வைத்தார்.